ப்ரொபோசல் மேனேஜர் நேர்காணலுக்கு 12 நாட்கள்: ஒரு வாசகிக்குப் பதில்

கேள்வி: ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஆறு வருடமாக ப்ரொபோசல் ரைட்டராக இருக்கிறேன். ஆர்எஃப்பி (வேலையை எப்படி, என்ன விலைக்குச் செய்வீர்கள் என்று ப்ரொபோசல் கேட்டு வாடிக்கையாளர் வெளியிடும் ஆவணம்) வந்தால் எனக்கு ஒதுக்கிய பகுதிகளை எழுதிக் கொடுப்பேன். போன வருடத்திலிருந்து மேனேஜர் விடுப்பில் போகும்போதெல்லாம் நான்தான் எல்லோரையும் துரத்தி வாங்கி முடிக்கிறேன். இப்போது வேறொரு நிறுவனத்தில் ப்ரொபோசல் மேனேஜர் வேலைக்கு நேர்காணல் வந்திருக்கிறது. 12 நாள் இருக்கிறது. முதலில் மூன்று பேர் கொண்ட குழுவுடன் பேச்சு, பிறகு ஒரு ஆர்எஃப்பியைக் கையில் கொடுத்து ஒரு மணி நேரப் பயிற்சி என்று சொல்லியிருக்கிறார்கள். "நீங்கள் மேனேஜராக இருந்ததே இல்லையே" என்று கேட்டால் என்ன சொல்வது? நான் வேலை பார்த்த பிட்களில், அதாவது ஒப்பந்தம் பெறப் போட்டியிட்ட முயற்சிகளில், பாதிக்கு மேல் தோற்றவை. வின் ரேட் (வெற்றி விகிதம்) கேட்டால் எப்படிச் சமாளிப்பது? ப்ரொபோசல் துறையினரின் சங்கமான ஏபிஎம்பியின் சான்றிதழ் இல்லாதது பெரிய குறையா? நான் எழுதிய ப்ரொபோசல்களை மாதிரியாகக் கொண்டுபோகலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: மேனேஜர் விடுப்பில் போகும்போதெல்லாம் நான்தான் எல்லோரையும் துரத்தி வாங்கி முடிக்கிறேன் என்று. அந்த ஒரு வரிதான் உங்கள் நேர்காணல். மற்றதெல்லாம் அதைச் சுற்றி வருவதுதான்.

நான் 19 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். மேசையின் அந்தப் பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன், இந்தப் பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். ரைட்டராக இருந்து மேனேஜர் வேலைக்கு வருகிறவர்களிடம் நான் அடிக்கடி பார்த்தது, அவர்கள் தங்கள் எழுத்தைப் பற்றியே பேசுவார்கள். எத்தனை பக்கம் எழுதினேன், எப்படி மெருகேற்றினேன், ப்ரொபோசலின் முன்னால் வரும் சுருக்கத்தை, அதாவது என் எக்ஸிக்யூட்டிவ் சம்மரியை, எப்படிப் பாராட்டினார்கள் என்று. அதெல்லாம் உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் எதிரில் இருக்கும் மூன்று பேரின் மனதில் ஓடுகிற கேள்வி வேறு. கையில் ஒரு டெட்லைன் இருக்கிறது, அதற்குப் பதில் தரவேண்டிய பன்னிரண்டு பேர் தங்கள் சொந்த வேலையில் மூழ்கிக் கிடக்கிறார்கள், அவர்களில் ஒருவர்கூட இவருக்குக் கீழே வேலை செய்பவர் கிடையாது. இந்த நிலைமையை இவரிடம் ஒப்படைத்துவிட்டு நான் நிம்மதியாகத் தூங்கலாமா? இதுதான் அவர்கள் தெரிந்துகொள்ள விரும்புவது.

அதனால் முதல் மூன்று நாளை இதற்கு ஒதுக்குங்கள். நீங்கள் வேலை பார்த்த பிட்களில் மூன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒன்று ஜெயித்தது, ஒன்று தோற்றது, ஒன்று நடுவில் தடம் புரண்டு எப்படியோ கரை சேர்ந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரே பக்கத்தில் குறிப்பு எழுதுங்கள். மொத்தம் எத்தனை நாள் இருந்தது, எத்தனை பேர் எழுதினார்கள், அதே நேரத்தில் வேறு எத்தனை பிட் ஓடிக்கொண்டிருந்தது, எந்த நாளில் எது உடைந்தது, அப்போது நீங்கள் என்ன முடிவெடுத்தீர்கள், அதனால் எது மாறியது. நினைவிலிருந்து எழுதினால் விவரங்கள் மங்கலாகத்தான் வரும். உங்கள் காலண்டரைப் புரட்டிப் பாருங்கள், தேதிகள் தாமாகக் கதை சொல்லும். எண்களும் நாட்களும் உங்கள் வாயிலிருந்து தடுமாறாமல் வந்தால், இவர் உண்மையாகவே அந்த அறையில் இருந்தவர் என்று கேட்கிறவருக்குத் தெரிந்துவிடும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். "தகவல் பாதுகாப்புப் பகுதியை நான் எழுதினேன்" என்று ஒருவர் சொன்னால் எனக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. அதே விஷயத்தை இன்னொருவர் இப்படிச் சொல்கிறார்: "அந்தப் பகுதிக்குப் பதில் தரவேண்டிய இரண்டு பேரும் ஒன்றுக்கொன்று முரணாக எழுதியிருந்தார்கள். ஒருவர் தரவு வாடிக்கையாளரின் சர்வரிலேயே இருக்கும் என்கிறார், இன்னொருவர் எங்கள் கிளவுடுக்கு வரும் என்கிறார். மெயிலில் சண்டை போய்க்கொண்டே இருந்தது. டெட்லைனுக்கு ஆறு நாள் இருந்தபோது இருவரையும் ஒரே அழைப்பில் உட்காரவைத்தேன். பாதி தரவு அங்கே, பாதி இங்கே என்று இருபது நிமிடத்தில் தெளிந்தது. விலை போட்டவர் அதைக் கணக்கில் எடுக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்து அவருக்கும் சொன்னேன்." இரண்டாமவர் மேனேஜர் பட்டம் இல்லாமலேயே மேனேஜர் வேலையைச் செய்திருக்கிறார். "நீங்கள் மேனேஜராக இருந்ததே இல்லையே" என்ற கேள்விக்கு வாதாடத் தேவையில்லை. "பட்டம் இருந்ததில்லை. ஆனால் போன வருடம் இத்தனை பிட்களை ஆரம்பத்திலிருந்தோ பாதியிலிருந்தோ நான் நடத்தி முடித்தேன், அதில் ஒன்றைச் சொல்கிறேன்" என்று நேராகக் கதைக்குள் போய்விடுங்கள்.

கதை சொல்லும்போது ஒரு எச்சரிக்கை. நிலைமை, பொறுப்பு, செயல், விளைவு என்ற வரிசையில் சொல்லச் சொல்லி எல்லோரும் பாடம் எடுப்பார்கள். சரிதான். ஆனால் நடைமுறையில் முக்கால் பங்கு நேரம் நிலைமையை விளக்குவதிலேயே போய்விடும். வாடிக்கையாளர் யார், அவர்களுடைய பழைய சிஸ்டம் என்ன என்று போய்க்கொண்டே இருக்கும். நிலைமையை இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டு, நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதில் நில்லுங்கள். வீட்டில் போனில் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள், எங்கே இழுக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

அநேகமாக எந்த நேர்காணலிலும் வருகிற கேள்வி ஒன்று உண்டு: ஒரு தொழில்நுட்ப நிபுணர், அதாவது எஸ்எம்இ, எத்தனை முறை கேட்டும் பதில் தரவில்லை, நாளை ரிவ்யூ, என்ன செய்வீர்கள்? "அவருடைய மேலாளரிடம் எஸ்கலேட் செய்வேன்" என்பதுதான் நான் அதிகம் கேட்ட பதில். அது தவறு என்று சொல்லமாட்டேன், கடைசிப் படியாக அதுவும் வேண்டும். ஆனால் அதையே முதலில் சொல்கிறவரிடம் எனக்குத் தயக்கம் வரும், ஏனென்றால் அடுத்த பிட்டிலும் அதே நிபுணரிடம்தான் போய் நிற்க வேண்டும். பதில் வராததற்கு எப்போதும் ஒரு காரணம் இருக்கும். சிலருக்கு வெற்றுப் பக்கத்தைப் பார்த்தால் கை ஓடாது. சிலருக்குக் கேள்வியே புரிந்திருக்காது. சிலர் இந்த பிட் ஜெயிக்காது என்று மனதுக்குள் முடிவு கட்டியிருப்பார்கள். முதல் வகைக்கு ஒரு நல்ல வழி: அரை மணி நேரம் அவரைப் பேசவிட்டு நீங்களே வரைவை எழுதி, "இதில் தப்பு இருந்தால் திருத்துங்கள்" என்று அனுப்புவது. எழுதச் சொன்னால் ஒரு வாரம் எடுப்பவர், தப்பாக எழுதியதைப் பார்த்தால் பத்தே நிமிடத்தில் திருத்தி அனுப்புவார். ஆறு வருடம் ரைட்டராக இருந்த உங்களுக்கு இது கைவந்த கலையாக இருக்கும். வெறும் ஒருங்கிணைப்பாளராக இருந்து வருகிறவரிடம் இது இருக்காது, அதனால் தயங்காமல் சொல்லுங்கள். கூடவே இதையும் சேர்த்துச் சொல்லலாம்: யார் எப்போது தவறினால் யாரிடம் போவேன் என்பதைக் கிக்-ஆஃப் என்கிற தொடக்கக் கூட்டத்திலேயே எல்லோர் முன்னிலையிலும் பேசி வைத்துவிடுவேன், பிறகு எஸ்கலேஷன் யாருக்கும் முதுகில் குத்தியதாகத் தோன்றாது.

வின் ரேட்டுக்கு வருவோம். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது, ஆனால் பாதிக்கு மேல் தோற்பது இந்தத் தொழிலில் வெட்கப்பட வேண்டிய விஷயமே அல்ல. ஐந்து பேர் போட்டியிட்டால் நான்கு பேர் தோற்கத்தான் வேண்டும். எண் எவ்வளவு என்பதைவிட, அதை எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று உங்களுக்குத் தெரிகிறதா என்பதைத்தான் கூர்மையான நேர்காணலாளர் பார்ப்பார். 20 ப்ரொபோசல் அனுப்பினீர்கள், 7 ஜெயித்தது என்று வையுங்கள். 35 சதவீதம். ஆனால் அந்த 20இல் நான்கை வாடிக்கையாளரே ரத்து செய்துவிட்டார் என்றால், முடிவு வந்தது 16தான், 16க்கு 7 என்றால் ஏறக்குறைய 44 சதவீதம். அந்த 16இல் ஆறு பழைய வாடிக்கையாளரின் புதுப்பிப்பு, அதில் ஐந்து ஜெயித்தது. மீதிப் பத்து புதிய வாடிக்கையாளர், அதில் இரண்டே ஜெயித்தது என்று பிரித்தால் கதையே வேறு. எண்ணிக்கைக்குப் பதிலாக ஒப்பந்த மதிப்பை வைத்துக் கணக்கிட்டால் மறுபடி வேறு. ஒரே வேலைக்கு இத்தனை எண்கள். எதைச் சொன்னாலும் எதை எதால் வகுத்தீர்கள் என்று சேர்த்துச் சொல்லுங்கள். உங்களுக்கு உறுதியாகத் தெரியாத எண்ணைச் சொல்லவே சொல்லாதீர்கள். இது சின்ன உலகம், கேட்டுத் தெரிந்துகொள்வார்கள்.

தோற்ற பிட்டைப் பற்றிக் கேட்டால் விலை அதிகம், சேல்ஸ் டீம் சரியில்லை என்று ஆரம்பிக்காதீர்கள். அது உண்மையாகவே இருந்தாலும் வேண்டாம். வாடிக்கையாளரிடம் டீபிரீஃப், அதாவது ஏன் தோற்றோம் என்ற விளக்கம், கேட்டீர்களா, அவர்கள் என்ன சொன்னார்கள், அடுத்த பிட்டில் அதனால் எதை மாற்றினீர்கள் என்று சொல்லுங்கள். டீபிரீஃப் கேட்கவே இல்லை என்றால், இப்போது யோசித்தால் கேட்டிருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டு, எந்தக் கேள்விகளைக் கேட்டிருப்பீர்கள் என்று சொல்லுங்கள்.

என் சொந்த அனுபவம் ஒன்று. நான்காவது வருடம் என்று நினைவு. டெட்லைனுக்கு ஐந்து நாள் முன்னால் வாடிக்கையாளர் ஒரு திருத்த அறிவிப்பை வெளியிட்டார். அதில் ஒரு உறுதிமொழிப் படிவத்தின் வாசகம் மாறியிருந்தது. அறிவிப்பைத் தரவிறக்கினேன், தலைப்பை மட்டும் பார்த்தேன், தேதி எதுவும் மாறவில்லை என்று தெரிந்ததும் ஒதுக்கிவிட்டேன். பழைய படிவம்தான் போனது. முதல் நாள் சரிபார்ப்பிலேயே நிராகரித்துவிட்டார்கள். ஒன்பது பேர் ஐந்து வாரம் உழைத்த ஆவணம், ஒருவர்கூடத் திறந்து படிக்கவில்லை. அந்த ஒன்பது பேருக்கும் தனித்தனியாகப் போன் செய்து என் தவறு என்று சொன்னேன். அன்றிலிருந்து ஒவ்வொரு திருத்த அறிவிப்பையும் கம்ப்ளையன்ஸ் மேட்ரிக்ஸில் (வாடிக்கையாளர் கேட்பதையெல்லாம் வரிசையாகப் பட்டியலிடும் அட்டவணையில்) தனி வரிசையாகப் போட்டு, எந்தப் பக்கத்தை அது தொடுகிறது என்று எழுதி, இன்னொருவரிடமும் கையெழுத்து வாங்குகிறேன். இரண்டு வருடம் கழித்து ஒரு நேர்காணலில் "நீங்கள் செய்த மிகப் பெரிய தவறு என்ன" என்று கேட்டார்கள். இதை அப்படியே சொன்னேன். வேலை கிடைத்த பிறகு அந்தக் குழுவில் இருந்தவர் என்னிடம் சொன்னது, இந்தப் பதிலைக் கேட்ட பிறகுதான் முடிவு செய்தோம் என்று. உங்களிடமும் இப்படி ஒன்று இருக்கும். அதைத் தோண்டி எடுங்கள். "நான் எல்லாவற்றிலும் பரிபூரணம் எதிர்பார்ப்பேன், அதுதான் என் குறை" என்ற மாதிரிப் பதில் மட்டும் தயவுசெய்து வேண்டாம்.

இனி அந்த ஒரு மணி நேரப் பயிற்சி. பலர் சறுக்குகிற இடம் என்பதால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஆவணம் கைக்கு வந்ததும் ரைட்டரின் கை எழுதத் துடிக்கும். அடக்குங்கள். ஆர்எஃப்பியை முதல் பக்கத்திலிருந்து வரிசையாகவும் படிக்காதீர்கள். முதலில் சமர்ப்பிக்கும் முறையைச் சொல்லும் பகுதியைத் தேடுங்கள். கடைசித் தேதி, மணி, எந்த ஊர் நேரம், போர்ட்டலா மெயிலா அச்சுப் பிரதியா, பக்க வரம்பு, எழுத்துரு அளவு, கையெழுத்து வேண்டிய படிவங்கள், கேள்வி அனுப்பக் கடைசி நாள். விலையைத் தனி உறையில் கேட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அப்படிக் கேட்ட இடத்தில் தொழில்நுட்ப உறைக்குள் ஒரு விலை தெரிந்துவிட்டாலே ப்ரொபோசலை நிராகரிக்க விதி இருக்கும். அடுத்தது மதிப்பீட்டுப் பகுதி, எதற்கு எத்தனை மதிப்பெண் என்று. அதன் பிறகுதான் என்ன வேலை கேட்கிறார்கள் என்ற விவரம். அமெரிக்க மத்திய அரசின் ஆர்எஃப்பிகளில் இந்த மூன்றுக்கும் எழுத்துப் பெயரே நிலைத்துவிட்டது: வேலை விவரம் சி பிரிவு, அறிவுறுத்தல் எல் பிரிவு, மதிப்பீடு எம் பிரிவு. நீங்கள் போகிற நிறுவனம் அந்தச் சந்தையில் இருந்தால் இந்தப் பெயர்கள் உங்கள் நாக்கில் இருக்க வேண்டும். இல்லாவிட்டாலும் எல்லா ஆர்எஃப்பியிலும் இந்த மூன்றும் ஏதோ ஒரு பெயரில், ஏதோ ஒரு மூலையில் இருக்கும்.

பிறகு கம்ப்ளையன்ஸ் மேட்ரிக்ஸ். ஒரு மணி நேரத்தில் முழுதாக முடியாது, முடிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கவும் மாட்டார்கள். ஒரு பிரிவை எடுத்துச் சரியாகச் செய்துகாட்டுங்கள். கேட்பின், அதாவது வாடிக்கையாளர் கேட்கும் ஒவ்வொரு விஷயத்தின், எண், பக்கம், அவர்களுடைய வாசகம், நம் பதில் எந்த அத்தியாயத்தில், யார் பொறுப்பு, நிலை என்ன. இவ்வளவு போதும். அவர்களுடைய வாசகத்தை உங்கள் சொற்களில் மாற்றி எழுதாதீர்கள், மாற்றும்போதுதான் பொருள் நழுவும். இன்னொன்று, ஒரு வாக்கியத்துக்குள் மூன்று கேட்பு ஒளிந்திருக்கும். "ஒப்பந்ததாரர் 24 மணி நேர உதவி மையம் நடத்தி, மாதாந்திர அறிக்கை தந்து, பணியாளர்களின் தகுதிச் சான்றுகளையும் இணைக்க வேண்டும்" என்பது ஒரு வரிசை அல்ல, மூன்று வரிசை. அதை ஒன்றாகப் போட்டவரையும் மூன்றாகப் பிரித்தவரையும் நான் ஒரே பார்வையில் வேறுபடுத்திவிடுவேன். பின்னிணைப்பு, அடிக்குறிப்பு, ஒப்பந்த வரைவு இவற்றிலும் கண்ணை ஓட்டுங்கள். காப்பீட்டுத் தொகை மாதிரியான கட்டாய நிபந்தனைகள் அங்கேதான் படுத்திருக்கும்.

நான் பயிற்சித் தாள் தயாரிக்கும்போது வேண்டுமென்றே ஒரு முரண்பாட்டை வைப்பேன். ஓரிடத்தில் 30 பக்கம், இன்னோரிடத்தில் 25 பக்கம் என்று இருக்கும். அதைக் கண்டுபிடிக்கிறார்களா என்பது ஒன்று. கண்டுபிடித்த பிறகு என்ன செய்கிறார்கள் என்பது இன்னொன்று. வாடிக்கையாளருக்குக் கேள்வி அனுப்புவேன், பதில் வரும்வரை 25 என்றே வைத்துத் திட்டமிடுவேன் என்று எழுதியவர் என் மனதில் மேலே போய்விடுவார். அப்படிக் கேள்விகள் எழுதும்போது ஒரு நுணுக்கம்: பொது டெண்டர்களில் நீங்கள் கேட்ட கேள்வியும் அதற்கான பதிலும் எல்லாப் போட்டியாளர்களுக்கும் போகும். உங்கள் தீர்வு என்ன என்பது கேள்வியிலேயே வெளிப்பட்டுவிடாதபடி எழுத வேண்டும். இதைப் பயிற்சித் தாளின் ஓரத்தில் ஒரு வரியாகக் குறித்து வையுங்கள்.

கால அட்டவணையைக் கடைசி நாளிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். 30 நாள் என்றால், 29ஆம் நாளே அனுப்பிவிடுவதாக வையுங்கள், போர்ட்டல் கடைசி மணி நேரத்தில் என்ன செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது. 27, 28 வடிவமைப்புக்கும் பிழைதிருத்தத்துக்கும். 25, 26இல் தலைமையின் இறுதிப் பார்வை, கோல்டு டீம். 20, 21இல் ரெட் டீம், அதன்பின் திருத்த மூன்று நாள் கண்டிப்பாக. 11, 12இல் பிங்க் டீம். மூன்றாம் நாள் கிக்-ஆஃப். அதற்கு முன் இரண்டு நாள், இந்த பிட்டில் இறங்கலாமா வேண்டாமா என்ற முடிவுக்கும் மேட்ரிக்ஸுக்கும். இது ஒரு மாதிரிதான், அவர்களுடைய வழக்கம் வேறாக இருக்கலாம். டீம்களின் நிறப் பெயர்களும் இடத்துக்கு இடம் மாறும், அதனால் பெயரோடு அந்த ரிவ்யூ எதற்கு என்றும் எழுதிவிடுங்கள். பிங்க் டீம் என்றால் வரைவின் திசை சரியா, எல்லாக் கேட்புக்கும் இடம் இருக்கிறதா என்று பார்ப்பது. ரெட் டீம் என்றால் வாடிக்கையாளரின் மதிப்பீட்டாளர் நாற்காலியில் உட்கார்ந்து மதிப்பெண் போடுவது.

இதிலிருந்து அவர்கள் கேட்கக்கூடிய அடுத்த கேள்வியும் எனக்குத் தெரியும்: ரெட் டீம் எல்லாவற்றையும் கிழித்துப் போட்டுவிட்டது, 200 கருத்துகள், நாலு நாள்தான் இருக்கிறது, என்ன செய்வீர்கள்? எல்லாவற்றையும் திருத்துவேன் என்று சொல்லாதீர்கள். கருத்துகளைப் பிரிப்பேன் என்று சொல்லுங்கள். கேட்புக்குப் பதிலே இல்லாதவை முதலில். மதிப்பெண்ணைக் கூட்டவோ குறைக்கவோ செய்பவை அடுத்து, அதிலும் அதிக மதிப்பெண் உள்ள பகுதி முன்னால். ரசனை சார்ந்தவை கடைசியில், நேரம் இருந்தால் மட்டும். இரண்டு பேர் எதிரெதிராகச் சொன்னவற்றுக்கு யார் முடிவு சொல்வார் என்று அன்றே கேட்டுத் தீர்த்துவிடுவேன் என்றும் சொல்லுங்கள்.

பயிற்சியின் கடைசி ஐந்து நிமிடத்தை எதற்கும் கொடுக்காமல் வைத்திருங்கள். எதை முடிக்கவில்லை, எதை ஊகித்துக்கொண்டீர்கள், இன்னும் ஒரு மணி நேரம் கிடைத்தால் எதைச் செய்வீர்கள் என்று நாலு வரி எழுதிக் கொடுங்கள். ஒரு வேலையைக் கைமாற்றிக் கொடுக்கத் தெரிந்தவர் என்று அந்த நாலு வரியே சொல்லிவிடும்.

ஏதாவது பத்தி எழுதச் சொன்னால், அது அநேகமாக எக்ஸிக்யூட்டிவ் சம்மரியாக இருக்கும். "எங்கள் நிறுவனம் இந்த வருடம் தொடங்கப்பட்டது" என்று ஆரம்பிக்காதீர்கள், வாடிக்கையாளரின் பிரச்சினையிலிருந்து ஆரம்பியுங்கள். நாம் தருவது என்ன, அதனால் அவர்களுக்கு என்ன நன்மை, அதற்கு என்ன சான்று என்ற மூன்றும் ஒவ்வொரு வாதத்திலும் இருக்கட்டும். இது உங்கள் சொந்த வயல், நான் அதிகம் சொல்லப் போவதில்லை.

மாதிரிகள் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: இப்போது வேலை பார்க்கும் நிறுவனத்தின் ப்ரொபோசலைக் கொண்டுபோகாதீர்கள். பெயரை அழித்துவிட்டுக் கொண்டுபோவதும் ஆபத்துதான், விலை, தீர்வு, ஆட்களின் விவரம் எல்லாம் உள்ளே இருக்கும். உங்களுடைய பணி ஒப்பந்தத்தில் ரகசியம் காக்கும் பிரிவு இருக்கும், எடுத்துப் படியுங்கள். அதையும் தாண்டி, பழைய நிறுவனத்தின் கோப்பை எடுத்து நீட்டுகிறவர் நாளை நம் கோப்பையும் நீட்டுவார் என்றுதான் பேனல் நினைக்கும். அதற்குப் பதிலாக, பொதுவில் வெளியான ஏதாவது ஒரு அரசு டெண்டரை எடுத்து, அதற்கு ஒரு பக்க மேட்ரிக்ஸ், ஒரு பக்க அட்டவணை, ஒரு பக்க சம்மரி என்று நீங்களே புதிதாகத் தயாரியுங்கள். இந்த 12 நாளில் இரண்டு மாலை போதும். பயிற்சிக்குப் பயிற்சியும் ஆச்சு, மாதிரிக்கு மாதிரியும் ஆச்சு.

சான்றிதழைப் பற்றி நீங்கள் கவலைப்படும் அளவுக்கு ஒன்றுமில்லை. ஏபிஎம்பி 1989இல் தொடங்கிய சங்கம், ஃபவுண்டேஷன், பிராக்டிஷனர், புரொஃபஷனல் என்று அதன் சான்றிதழில் படிகள் உண்டு. விளம்பரத்தில் கட்டாயம் என்று போட்டிருந்தால் உங்களை அழைத்தே இருக்க மாட்டார்கள். 12 நாளில் அவசரமாகப் பரீட்சை எழுதப் போகாதீர்கள். அவர்கள் பயன்படுத்தும் சொற்களை மட்டும் பழகிக்கொள்ளுங்கள். கேப்சர் பிளான் (வாய்ப்பை வெல்ல முன்கூட்டியே போடும் திட்டம்), வின் தீம் (நம்மைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் மையக் காரணம்), டிஸ்கிரிமினேட்டர் (போட்டியாளர்களிடமிருந்து நம்மை வேறுபடுத்துவது) போன்றவற்றைப் பேனல் சொன்னால் விழிக்கக் கூடாது. கேட்டால், இந்த வருடத்துக்குள் ஃபவுண்டேஷன் எழுதும் எண்ணம் இருக்கிறது என்று சொல்லலாம், உண்மையாக இருந்தால்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பற்றி நிச்சயம் கேட்பார்கள். ஆர்எஃப்பியிலிருந்து கேட்புகளைப் பிரித்தெடுக்கவும், பழைய பதில்களிலிருந்து முதல் வரைவு எடுக்கவும் அவை உதவும். அதே நேரத்தில் செய்யாத ப்ராஜெக்டைச் செய்ததாக எழுதிவிடும், காலாவதியான சான்றிதழை இன்னும் இருப்பதாகச் சொல்லிவிடும். வாடிக்கையாளரின் ஆவணத்தை நிறுவனம் அனுமதிக்காத கருவியில் ஏற்றினால் ரகசியம் போச்சு. நீங்கள் எதற்குப் பயன்படுத்தினீர்கள், எதை யார் சரிபார்த்தார்கள் என்று சொந்த அனுபவத்தை மட்டும் சொல்லுங்கள்.

"சேல்ஸ் தலைவர் இந்த பிட்டில் இறங்கியே ஆக வேண்டும் என்கிறார், உங்களுக்கு அது வீண் என்று தோன்றுகிறது, என்ன செய்வீர்கள்" என்ற கேள்விக்கும் தயாராக இருங்கள். இறங்குவதா வேண்டாமா என்ற முடிவு பெரும்பாலும் ப்ரொபோசல் மேனேஜர் கையில் இருக்காது. ஆனால் முடிவெடுப்பவர் முன்னால் உண்மைகளை வைப்பது உங்கள் வேலை. இந்தக் கட்டாயத் தகுதி நம்மிடம் இல்லை, இதற்கு இத்தனை பேரின் இத்தனை மணி நேரம் போகும், அதே வாரத்தில் ஓடும் இன்னொரு பிட்டிலிருந்து இந்த இரண்டு பேரை எடுக்க வேண்டிவரும் என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகும் இறங்கலாம் என்று முடிவானால் அரை மனதோடு செய்யக் கூடாது. இந்த இரண்டு பாதியும் உங்கள் பதிலில் இருக்கட்டும்.

கடைசியாக, உங்களுக்குக் கேள்வி இருக்கிறதா என்று கேட்பார்கள். இதைச் சம்பிரதாயமாக விட்டுவிடாதீர்கள். அந்த வேலை உங்களுக்கு ஒத்துவருமா என்று தெரிந்துகொள்ள உங்களுக்குக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு இது. ஒரு மேனேஜர் ஒரே நேரத்தில் எத்தனை பிட் பார்க்கிறார்? இறங்கும் முடிவை யார், எப்போது எடுக்கிறார்கள்? இந்தப் பதவி சேல்ஸுக்குக் கீழே வருகிறதா, வேறு எங்கேயாவதா? பழைய பதில்களின் தொகுப்பு இருக்கிறதா, அதைப் புதுப்பிப்பது யார் பொறுப்பு? தோற்ற பிட்டுக்குப் பிறகு என்ன நடக்கும்? இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைக் கவனமாகக் கேளுங்கள். உட்கார்ந்து பேசுவோம், குறிப்பு எழுதுவோம் என்றால் நல்லது. ஒருவரையொருவர் பார்த்துவிட்டுச் சிரித்தால், இந்த வேலைக்கு முன்பு இருந்தவர் ஏன் போனார் என்றும் கேளுங்கள்.

முந்தின நாள் இரவு எதையும் புதிதாகப் படிக்க வேண்டாம். அந்த மூன்று பக்கக் குறிப்பை மட்டும் ஒருமுறை பாருங்கள். நேர்காணல் முடிந்த பிறகு, பயிற்சிக்கு எப்படிப்பட்ட ஆவணம் கொடுத்தார்கள், நேரம் போதுமாக இருந்ததா என்று எனக்கு எழுதுங்கள். இதே கேள்வியோடு இன்னும் இரண்டு பேரின் கடிதம் என் மேசையில் இருக்கிறது, அவர்களுக்கும் அது உதவும்.